"முனி அடிச்சுருச்சு"ன்னா என்ன? ராம்நாடு கரையோரத்துக் குடிப்பேச்சும் குடிக்கதையும்

கேள்வி, 2024 மே 11

வேலைக்காக ராமநாதபுரம் வந்து எட்டு மாசம் ஆகுது. நேத்து டீக்கடையில செத்துப்போன ஒருத்தரப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் "முனி அடிச்சுருச்சு"ன்னார். பக்கத்துல இருந்தவர் "முனி எங்க அடிச்சது, கோட்டர் அடிச்சது"ன்னார். யாரும் சிரிக்கல. ரெண்டும் ஒண்ணுதானா? இங்க குடிக்கிறவங்க பேசுற வார்த்தையில பாதி எனக்குப் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2024 மே 12

எனக்குச் சாயல்குடிப் பக்கம், பனையேறிக் குடும்பம். இப்ப ஐஸ் வண்டி ஓட்டுறேன், மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, பெரியபட்டினம், பாம்பன்னு மீன் எடுக்கப் போய் வந்து 14 வருசம் ஆச்சு. கரையில ஏலம் முடியுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும், அப்ப காதுல விழுந்ததுதான் இதெல்லாம்.

முதல்ல வார்த்தை. முனி பெரிய விசயம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

தண்ணின்னா சாராயம், பிராந்தி, எல்லாம். தண்ணி அடிக்கிறது, தண்ணி வண்டி (எப்பவும் குடிக்கிற ஆளு), தண்ணி போட்டாச்சா. இது தமிழ்நாடு முழுக்க இருக்குற பேச்சுதான், ஆனா இந்த ஊர்ல அதைக் கேக்குறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அரசாங்க வேலைக்காரங்கள மாத்தணும்னா "தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்திருவேன்"னு மிரட்டுவாங்களே, அந்தக் காடு நாங்கதான். எங்க அம்மா நாலு குடத்தத் தள்ளுவண்டியில வச்சு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டுப் போய் ஊத்துத்தண்ணி எடுத்து வரும். அந்த வீட்லயே "அவன் தண்ணிக்குப் போயிருக்கான்"னு சொன்னா யாரும் குடத்த நினைக்க மாட்டாங்க. ஒரே வார்த்தை, ஒண்ணு பொம்பளைங்க சுமந்தது, இன்னொண்ணு ஆம்பளைங்க குடிச்சது.

சரக்கு, மப்பு, ராவா (தண்ணி கலக்காம), மட்டை (விழுந்துட்டான்), தொட்டுக்க (ஊறுகாய், கருவாடு, அவிச்ச முட்டை), இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். "கடை"ன்னு மொட்டையா சொன்னா டாஸ்மாக்தான், மளிகைக்கடையப் பேர் சொல்லித்தான் சொல்லுவாங்க. "கடை தொறந்தாச்சா"ன்னு ஒருத்தர் கேட்டா மணி 12 ஆகுதுன்னு அர்த்தம்.

2024 மே 12, ராத்திரி

சலம்பல விட்டுட்டேன். குடிச்சுட்டு வீண் சத்தம் போடுறது, வம்புக்கு இழுக்குறது. "ஏலே, சலம்பாமப் போயிப் படு"ன்னு எங்க அப்பத்தா சொல்லாத ராத்திரியே கிடையாது.

2024 மே 15

கட்டிங் பத்திக் கேட்டிருந்தீங்க. கோட்டர் வாங்க ஒருத்தன்கிட்ட காசு பத்தல, கடை வாசல்ல நின்னு வர்றவன் போறவனப் பாத்து "அண்ணே கட்டிங் போடுவமா"ன்னு கேப்பான். முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு காசு சேத்து ஒரு கோட்டர் வாங்கி ஆளுக்குப் பாதி, 90 மில்லி. அளவுக்கு விரல பாட்டிலுக்கு வெளிய வச்சுப் பாத்துக்குவாங்க. சாதி கேக்காம, ஊர் கேக்காம ரெண்டு பேரு பக்கத்துல நிக்கிற எடம் எங்க பக்கம் ரொம்பக் குறைச்சல், அதுல இது ஒண்ணுன்னு ஒரு பெரியவர் சொன்னார். நானும் ரொம்ப நாள் அதை நம்புனேன். அப்புறம் யோசிச்சேன், அந்த ரெண்டு பேரும் மறுநாள் பஸ்ல பாத்தா பேசிக்கிறது இல்ல.

கோட்டர்னா முழு பாட்டில்ல கால் பங்கு. முழுசு 750 மில்லி, நாலா வகுத்தா 187.5 வரணும், ஆனா கோட்டர் பாட்டில்ல 180தான். ஆஃப் 375. அப்ப ரெண்டு கோட்டர் வாங்குனா ஒரு ஆஃப விட 15 மில்லி கம்மி. எட்டாங்கிளாஸ் தாண்டாத எங்க சித்தப்பா இந்தக் கணக்க எனக்கு ஒப்பிச்சாரு. அவரப் பத்தி எழுதாம இதை முடிக்க முடியாது, ஆனா இன்னைக்கு வேண்டாம்.

2024 மே 19

சரி, முனி.

எங்க ஊருக்குத் தெக்க பனங்காடு, அதுக்கும் அங்கிட்டு உப்பு பூத்த தரவை, அப்புறம் கடல். பனங்காட்டு ஓரமா ஒரு முனி இருக்காரு. கோயிலு கிடையாது, ஒரு கல்லு, ஒரு வேலு. வருசத்துக்கு ஒருக்கா கெடா வெட்டு, சுருட்டு, சாராயம் (இப்ப கோட்டர்). அவரு ராத்திரி காட்டுல இருந்து கடலுக்குப் போற வழிக்குப் பேரு முனிப்பாய்ச்சல். அந்த வழியில வீடு கட்டக்கூடாது, படுக்கக்கூடாது, ஒண்ணுக்கு இருக்கக்கூடாது. குடிச்சுட்டு வந்தவன் தெரியாம அதுல விழுந்து கிடந்தா முனி பாத்துட்டு "எனக்கு வைக்காம நீ மட்டும் குடிச்சியா"ன்னு முதுகுல ஒரு அடி. விடிஞ்சு பாத்தா வாயில ரத்தம், மூஞ்சி கறுத்துப் போயிருக்கும், உடம்புல காயம் ஒண்ணு இருக்காது.

சின்ன வயசுல இந்தக் கதையில எனக்குப் பயமா இருந்தது முனி இல்ல. "எனக்கு வைக்காம"ங்குற அந்தக் கேள்விதான். ஏன்னா எங்க சித்தி ராத்திரி சித்தப்பாகிட்ட கேக்குற கேள்வியும் அதேதான், "புள்ளைகளுக்கு வைக்காம".

2024 மே 20

பனங்காடுன்னு சொன்னதும் கள்ளு பத்திக் கேட்டிருக்கீங்க. இதுல எனக்கு ரொம்பச் சொல்ல இருக்கு, நீளமா போகும்.

பாளைய சீவி விட்டா சொட்டுறது ஒரே பாலுதான். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா அது பதினி (பதநீர்). தடவாம கட்டுனா கள்ளு. காத்துல, பாளையில, கலயத்துல இருக்குற ஈஸ்ட் அந்த இனிப்ப எடுத்துப் புளிக்க வைக்குது, சுண்ணாம்பு அதைப் புளிக்க விடாது. விடியக்காலம் இறக்குனா கள்ளு எளசா இனிக்கும், வெயில் ஏற ஏற உறைக்கும், மறுநாளுக்குக் காடி. அதனாலதான் எங்க அய்யா (தாத்தா) காலத்துல "சுண்ணாம்பு பத்தல"ன்னு ஒரு ஜாடைப் பேச்சு. விடிலியில (பனையோலைக் குடிசை) கருப்பட்டி காய்ச்சிக்கிட்டு இருக்குற அப்பத்தாகிட்ட வந்து யாராவது "ஆத்தா, இன்னைக்குச் சுண்ணாம்பு பத்தலையாமே"ன்னு கேட்டா கள்ளு இருக்கான்னு அர்த்தம். அப்பத்தா "நெறையப் பத்துச்சு, போ"ன்னு விரட்டிவிடும்.

சட்டம் எங்க அய்யா வாழ்க்கைய இழுத்த இழுப்ப எழுதணும். 1937ல சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு ஆரம்பிச்சு 1948ல மாகாணம் முழுக்க வந்துருச்சு. அய்யா பனையேறக் கத்துக்கிட்டதே விலக்குக் காலத்துலதான், சுண்ணாம்புக் கலயம் தவிர வேற தெரியாது. 1971ல தொறந்தாங்க, கள்ளுக்கடை வந்துச்சு. 1974க்குள்ள திரும்ப மூடிட்டாங்க. 1981ல திரும்பத் தொறந்தாங்க, 1987 ஜனவரியில இருந்து கள்ளும் சாராயமும் திரும்ப மூடல். அதே மரம், அதே பாளை, அதே அருவா, தேதி மாறுனா தொழிலாளி, தேதி மாறுனா குத்தவாளி. ஒரு தடவை கலயத்த உடைச்சு ஆளையும் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கு உடைஞ்சதுல பாதி பதினிக் கலயம். நாக்குல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும்.

1987க்கு அப்புறம் ஊர்ல குடி நின்னுச்சான்னா இல்ல. கடைக்கு மாறுனாங்க. டாஸ்மாக் 1983ல மொத்த வியாபாரத்துக்குன்னு ஆரம்பிச்சது, 2003ல சில்லறைக் கடையையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு. பாட்டில் மேல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். அப்ப ஒரு கோட்டர்ல 77 மில்லி சுத்த ஆல்கஹால். கள்ளுல ஏறக்குறைய 5 சதவீதம் வச்சுக்கிட்டா அதே போதைக்கு ஒன்றரை லிட்டர் கள்ளு குடிக்கணும். வயிறு ரொம்பி பாதியிலயே எந்திரிச்சுருவான். கோட்டர நின்ன வாக்குல ரெண்டு மடக்குல குடிச்சுட்டு வெளிய வந்துருவான்.

கள்ளு நல்லதுன்னு நான் சொல்ல வரல. அப்பத்தா முதுகுல இருக்குற தழும்பு கள்ளு காலத்துத் தழும்பு.

2024 மே 21

நேத்து கடைசி வரிய எழுதிட்டுத் தூக்கம் வரல. அழிக்கலாம்னு பாத்தேன். இருக்கட்டும். கள்ளுக்கு வக்காலத்து வாங்குற பேச்சு எங்க பக்கம் நெறைய, ஆம்பளைங்க பேசுறது. அப்பத்தாகிட்ட கேட்டா பனையப் பத்திக் கண்ணு கலங்கப் பேசும், கள்ளப் பத்திப் பேசாது.

2024 ஜூன் 5

நேத்து ஓட்டு எண்ணுற நாளு, கடை லீவு. தடைக்காலம் வேற இன்னும் பத்து நாளு இருக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில காசு இல்லாத மாசம், ஆனா பொழுது முழுக்கச் சும்மா இருக்குற மாசமும் அதுதான். பாம்பன் பக்கம் ஒரு அக்கா, கருவாட்டு யாவாரம் பாக்குறவுக, சொன்னாக: "தம்பி, தொழிலு இருக்கப்ப அவரு குடிக்கிறது மேலுவலிக்கு, தொழிலு இல்லாதப்ப குடிக்கிறது மனசுவலிக்கு, எனக்கு எந்த வலிக்கு எதைக் குடிக்கன்னு தெரியல." தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்த அன்னைக்கு ராத்திரி அவுக வீட்டுக்காரரு அரிசிப்பானைக்குள்ள கைய விட்டுத் தேடிருக்காரு.

லீவு நாள்னு சொல்ல வந்தேன். லீவு நாள்ல விக்கிறது பிளாக்கு. காந்தி ஜெயந்தி, வள்ளுவர் நாள், மே தினம் எல்லாம் இங்கயும் உண்டு, அதுபோக செப்டம்பர் 11 பரமக்குடி (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 பசும்பொன்னு (தேவர் குருபூஜை)ன்னு எங்க ஜில்லாவுக்குன்னு தனியா கடை மூடுற நாளும் உண்டு. முதல் நாள் சாயங்காலம் கடை வாசல்ல நிக்கிற கூட்டத்தப் பாத்தா தெரியும்.

2024 ஜூன் 9

"ஊறல்" கேட்டவருக்கு. வெல்லம், வேலம்பட்டை, அழுகுன பழம் எல்லாம் பானையில போட்டு மண்ணுல புதைச்சு நாள் கணக்குல ஊற வைக்கிறது. அப்புறம் காய்ச்சி வடிக்கிறது. பட்டை போடுறதால பட்டச்சாராயம், சுருக்கமா பட்டை. எங்க பக்கம் சீமைக்கருவேலங்காடு ஆள் நுழைய முடியாத அளவுக்கு இருக்கும், அதுக்குள்ள புதைச்சா யாரு கண்டா.

ஊறலப் பத்தின கதைதான் ரொம்ப மோசமான கதை. உறைப்பு ஏறணும்னு டார்ச்லைட் பேட்டரிக்கட்டைய உடைச்சுப் போடுவாங்க, ஊமத்தங்காய் போடுவாங்க. ஊறலுக்குள்ள பல்லி விழுந்துரும், தேள் விழுந்துரும், நல்லபாம்பே விழுந்துரும், தெரியாம வடிச்சுக் குடிச்சவனுக்குக் கண்ணு போயிரும். எங்க பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஒருத்தர் கண்ணு தெரியாம உக்காந்திருப்பாரு, கயித்துக்கட்டில் பின்னுவாரு. "பல்லி விழுந்த சாராயம் குடிச்சவரு"ன்னுதான் அவருக்கு ஊர்ல பேரு. சொந்தப் பேரு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

2024 ஜூன் 20

கள்ளக்குறிச்சி, கருணாபுரம், விசச்சாராயச் சாவு. காலையில இருந்து கரையில ஏலம் விடுறவன்கூட போன்ல அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கு. போன வருசம் மே மாசம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்துல செத்தாங்க, அதுவும் எங்களமாதிரி மீன்பிடி ஊரு.

இன்னைக்கு வேற எதுவும் எழுத முடியல.

2024 ஜூன் 23

9ஆம் தேதி எழுதுன பல்லிக் கதைய நான் திருத்தணும். படிச்ச எல்லாரும் இதையும் படிங்க.

கண்ணு போறது பல்லியால இல்ல, மெத்தனால். கருணாபுரத்துல ஊறல் போட்டுக் காய்ச்சக்கூட இல்லாம, பெயிண்ட், கெமிக்கல் தொழிலுக்கு வர்ற மெத்தனால வாங்கித் தண்ணியில கலந்து பாக்கெட்டு போட்டு வித்தது. பாக்க சாராயமாட்டந்தான் இருக்கும், குடிச்ச உடனே எதுவும் ஆகாது. அதுதான் கொடுமை. ஈரலு அதை முதல்ல ஃபார்மால்டிஹைடா மாத்தி அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாத்தும், அதுக்குப் பாதிநாளோ ஒருநாளோ ஆகும். அந்த அமிலம் கண்ணு நரம்பத்தான் முதல்ல புடிக்கும். வயித்துவலி, மூச்சு வாங்கும், கண்ணு முன்னால வெள்ளையா பனி விழுந்தாப்புல தெரியும். அந்த நேரம் ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்து இருக்கு, ரத்தத்தச் சுத்தம் பண்ணுற மிசின் இருக்கு. நம்மாளு "மப்பு இன்னும் இறங்கல"ன்னு திரும்பிப் படுத்துருவான். "இறங்கல"ங்குற வார்த்தைய இத்தன நாளா சாதாரணமா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

கருணாபுரத்துல 50 பேருக்கு மேல செத்துட்டாங்க. ஏன் அதைக் குடிச்சாங்கன்னு டிவியில கேக்குறாங்க. கடையில கோட்டர் 140 ரூபாய், பாக்கெட்டு அதுல பாதிகூட இல்ல. நாள்கூலிக்காரன் சாயங்காலம் போடுற கணக்கு இதுதான்.

கட்டில் பின்னுனவரு 1990க்கு முந்தியே கண்ண இழந்துட்டாரு. நாப்பது வருசமா ஊரே பல்லிய பழி சொல்லிச்சு. கலந்து வித்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கல, ஏன்னா பல்லி தானா விழுந்ததுதானே. இந்தக் கதைய நானும் நம்பி நாலு நாளைக்கு முந்தி வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், அது எனக்கு ரொம்ப உறுத்துது.

2024 ஜூலை 14

குடிக்கிறதுக்கு முந்தி விரல நனைச்சு மூணு சொட்டு ஏன் தெளிக்கிறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஊருக்கு ஊர் ஒரு பதில். எங்க ஊர்ல முனிக்கு, கருப்பனுக்கு. தரையில தெளிச்சா சாமி பங்கு வந்துருச்சு, இனி அடிக்காது. கடக்கரையில கேட்டா கடல்ல போனவங்களுக்குன்னு சொல்லுவாங்க. வாலிநோக்கத்துல ஒரு தாத்தா, அவரு குடிய விட்டு முப்பது வருசம் இருக்கும், கதை சொன்னாரு: வலை போட்டுட்டு ராத்திரி வள்ளத்துல படுத்திருந்தா தண்ணிக்குள்ள இருந்து ஒரு கை வந்து விளிம்பப் புடிக்கும், "பீடிக்கு நெருப்பு இருக்கா"ன்னு கேக்கும். குடிச்சவனுக்குத்தான் அது கேக்கும். நெருப்பு குடுத்தா அவன் எந்திரிச்சு அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு எறங்கிருவான்.

அவரு அதைச் சொல்லி முடிச்சுட்டு, "எங்க அண்ணன் அப்படித்தான் எறங்குனாரு"ன்னாரு. வள்ளத்துல கூட இருந்தது இவருதான். அண்ணன் ஒண்ணுக்குப் போக விளிம்புல எந்திரிச்சது இவருக்குத் தெரியும், இவரும் மப்புல இருந்திருக்காரு, சத்தம் கேட்டும் எந்திரிக்கல. அம்பது வருசம் முந்தி நடந்தது.

அதுக்கப்புறம் நான் பீடிக் கதைய யார்கிட்டயும் வேடிக்கைக்குச் சொல்லுறதில்ல.

2024 ஆகஸ்ட் 18

தனுஷ்கோடியில ராத்திரி குடிச்சா ரயில் சத்தம் கேக்குமான்னு கேட்டவருக்கு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் வண்டி முழுசா கடல்ல போச்சு, நூறு பேருக்கு மேல இருந்தாங்க. அந்தச் சத்தம் இப்பவும் கேக்கும்னு கதை. சுத்திப் பாக்க வர்றவங்க சொல்லித்தான் நான் கேட்டிருக்கேன், அங்க குடிசையில இருக்குற சனங்க சொல்லிக் கேட்டதில்ல. அவங்க சொல்லுறது வேற: வர்றவங்க குடிச்சுட்டு மணல்ல உடைச்சுப் போட்ட பாட்டில் பிசிறு, வெறுங்கால்ல வலை இழுக்குறவங்க கால்ல ஏறுறது. ஒரு பாட்டிம்மா குதிகால்ல தையல் போட்டத எனக்குக் காமிச்சுச்சு. இதுல பேய்க்கதைக்கு எடம் இல்ல. பாட்டில திருப்பி எடுத்துட்டுப் போங்க.

2024 நவம்பர் 24

கார்த்திகை பொறந்துருச்சு, எங்க பார்த்தாலும் கறுப்பு வேட்டி. சித்தப்பாவப் பத்தி எழுதுறேன்னு மே மாசம் சொன்னேன்.

எங்க பக்கம் குடிய நிறுத்துறதுக்கு மூணு வழி. மாலை போடுறது, கோயில்ல கயிறு கட்டிச் சத்தியம் பண்ணுறது, தர்காவுல கொண்டுபோய் விடுறது. கயிறு கட்டிட்டுக் குடிச்சா சாமி ரத்தம் கக்க வைக்கும். எங்க ஊர்லயே மூணு பேரு அப்படிக் கக்கிச் செத்ததா சொல்லுவாங்க, அதனால கயித்துக்கு ரொம்பப் பயம்.

சித்தப்பா மாலை போட்டாரு. 2016, கார்த்திகை ஒண்ணு. நாளுக்கு ரெண்டு கோட்டர் குடிச்சுக்கிட்டு இருந்த மனுசன், காலையில கை நடுக்கம் நிக்க ஒரு கட்டிங் போட்டாத்தான் வேட்டியே கட்டுவாரு, அவரு அன்னைக்கு விடிய ஒரு சொட்டு இல்லாம குளிச்சு மாலை போட்டுட்டு வந்தாரு. சித்தி அழுதுச்சு, சந்தோசத்துல. முதல் நாள் வேர்வை. ரெண்டாம் நாள் சோறு எறங்கல, தூக்கம் இல்ல. மூணாம் நாள் ராத்திரி கூரையப் பாத்து "அந்தா வந்துட்டான், அந்தா வந்துட்டான்"னு கத்துறாரு, போர்வையில பூச்சி ஊருதுன்னு தட்டித் தட்டி விடுறாரு, செத்துப்போன அய்யாகிட்ட பேசுறாரு, கலயம் எறக்கச் சொல்லி. அப்பத்தா ஒரே வார்த்தைதான் சொன்னுச்சு, "முனி."

வேப்பிலை அடிச்சாங்க. விடியவும் வண்டி புடிச்சு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டிப்போட்டாங்க. எந்த எடம்னு சொல்ல மாட்டேன், நம்பிப் போறவங்க நெறையப் பேரு. வண்டி என்னோடது. ஓட்டுனது நான். அங்க மத்தியானம் வலிப்பு வந்துச்சு, நாக்கக் கடிச்சு ரத்தம். அதுக்கப்புறந்தான் ஆஸ்பத்திரி.

அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா என்னை உக்கார வச்சுச் சொன்னாங்க. தினமும் நெறையக் குடிச்சவன் படக்குனு நிறுத்துனா மூளை தாங்காது, ரெண்டாம் நாள் மூணாம் நாள் இப்படிக் கண்ணுக்கு இல்லாதது தெரியும், வலிப்பு வரும், உயிரே போகும். நரம்பத் தணிக்க மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி, அஞ்சாறு நாள் படுக்கை, அவ்வளவுதான் வைத்தியம். அஞ்சாம் நாள் சித்தப்பா எந்திரிச்சு உக்காந்து என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, "மாலை எங்கடா?" வலிப்புல அந்துபோச்சுன்னு எப்படிச் சொல்ல.

2024 நவம்பர் 25

நெறையப் பேரு கேட்டிருக்கீங்க, அதனால சுருக்கமா. வீட்ல யாரும் பல வருசமா தினம் குடிக்கிறவங்க மாலை போடப் போறாங்கன்னா போடட்டும், நல்ல விசயம். ஆனா போடுறதுக்கு முந்தி ஒருக்கா அரசு ஆஸ்பத்திரியில காமிச்சுட்டுப் போடட்டும். 104க்குப் போன் பண்ணுனாலும் சொல்லுவாங்க. சாமி கோவிச்சுக்காது.

2024 நவம்பர் 25, மறுபடி

"அப்புறம் என்ன ஆச்சு"ன்னா, பதினோரு மாசம் குடிக்கல. நல்ல பதினோரு மாசம். என்கூட ஐஸ் உடைக்க வந்தாரு. அப்புறம் ஒரு கல்யாண வீட்ல ஒரு கட்டிங். 2019 பங்குனியில ரத்தவாந்தி. கயிறு கட்டலையே, மாலையும் அந்துபோச்சே, யாரு கக்க வச்சதுன்னு எனக்கு அப்ப ஒரு கோவம். ஈரலு சுருங்கிப்போனா ரத்தம் அது வழியா போக முடியாம உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சு வெடிக்கும், அதான் ரத்தவாந்தின்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். ஊர்ல கயிறு கட்டிக் கக்குனதா சொல்லுற மூணு பேரும் அதுக்கு முந்தி இருபது வருசம் குடிச்சவங்க.

2025 ஜனவரி 19

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாகிட்ட உக்காந்து, முனி அடிச்சு செத்தவங்க யார் யாருன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணுச்சு, ஏழு பேரு.

ஒவ்வொருத்தரா கேட்டேன், கடைசியா எப்படி இருந்தாக, எங்க கிடந்தாகன்னு. ரெண்டு பேரு ரத்தம் கக்குனது, வயிறு முன்னாடியே உப்பி கண்ணு மஞ்சளா இருந்திருக்கு. ஒருத்தரு மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்து மூச்சடைச்சது. ஒருத்தரு ரோட்டோரம் கிடந்தாரு, ஏதோ வண்டி. ஒருத்தரு களத்துல படுத்திருந்தவரு, விடியக்காலம் கண்ணு இமை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னு இருந்து மத்தியானம் போயிட்டாரு, காயம் தெரியல. அது கட்டுவிரியன்னு நான் நினைக்கிறேன். ராத்திரிதான் வரும், படுத்திருக்குறவனத்தான் கடிக்கும், வலிக்காது, பல்லு பட்ட தடம்கூடத் தெரியாது. மப்புல இருக்குறவனுக்கு எங்க தெரியப்போகுது.

மிச்சம் ரெண்டு பேரு. "அவுக ரெண்டு பேரும் நெசமாவே முனிதாண்டா"ன்னு சொல்லிருச்சு. நான் மேல கேக்கல.

பெறகு அதுவே சொன்னுச்சு. "குடிச்சுச் செத்தான்னு சொன்னா போலீசு வரும், அறுக்கக் கொண்டுபோவாக, அவன் மகளக் கட்டிக்குடுக்கப் போற எடத்துல எல்லாம் அந்தப் பேச்சு வரும். முனி அடிச்சுச்சுன்னா யாரு என்ன கேப்பா?" முதல்ல கேள்வி கேட்டவருக்கு: டீக்கடையில அந்த ரெண்டு பேரும் ஒரே சாவத்தான் சொல்லிருக்காங்க. ஒருத்தர் செத்தவர் வீட்ட நினைச்சுச் சொல்லிருக்கார், இன்னொருத்தர் செத்தவர நினைச்சு. அதான் யாரும் சிரிக்கல.

2025 ஜனவரி 20

சித்தப்பாவ அந்த ஏழுல அப்பத்தா சேக்கல. நேத்து எழுதுறப்ப எனக்கு இது தோணல. பெத்த மகன்.

2025 ஏப்ரல் 9

பாம்பன்ல புதுப் பாலம் தொறந்ததுல மூணு நாளா வண்டிக்கூட்டம், இன்னைக்குத்தான் ஊருக்கு வர முடிஞ்சது. சித்தப்பா திதி முடிஞ்சுருச்சு, நான் இல்லாமத்தான் படைச்சிருக்காக. வருசா வருசம் படையல்ல இலை, கருவாட்டுக்குழம்பு, வெத்தலை, அவருக்குப் புடிச்ச பிராண்டுல ஒரு கோட்டர் இருக்கும். அப்பத்தாதான் வைக்கச் சொல்லும், செத்தவன் ஆசைன்னு.

இந்த வருசம் சித்தி வைக்கல. பாட்டில் இருந்த எடத்துல ஒரு பனையோலைப் பட்டையில பதினி. அப்பத்தா அதைப் பாத்துட்டு, "இது என்ன தாயி"ன்னு கேட்டிருக்கு.

"சுண்ணாம்பு பத்துச்சு அத்தை"ன்னு சித்தி சொல்லிச்சாம்.

நான் வந்தப்ப அந்தப் பட்டை அப்படியே இருந்துச்சு, எறும்பு மொய்க்க. அப்பத்தா அதை எடுத்து வாசல்ல மூணு சொட்டு தெளிச்சுட்டு மிச்சத்த எங்கிட்ட நீட்டுச்சு.

குடிச்சேன். வெயில்ல இருந்தும் புளிக்கல.